தம்பியின் கம்ப்யூட்டரும் அம்மா அணைத்த சுவிட்சும்

என் தம்பி தன் கம்ப்யூட்டரைத் தானே சேர்த்தான். பெட்டி ஒருவரிடம், மதர்போர்டு இன்னொருவரிடம், கிராபிக்ஸ் கார்டு கடையை மூடிவிட்டுப் போன ஒரு போட்டோக்காரரிடம் என்று பழசாகப் பார்த்துப் பார்த்து வாங்கினான். மாட்டும்போது தரையில் வெள்ளைத் துணி விரித்து, திருகுகளை அளவு வாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டான். ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. அக்கா என்பதால் சொல்லவில்லை, எங்கள் வீட்டுக்கு வந்த பொறுமை முழுவதையும் அவன் ஒருவனே எடுத்துக்கொண்டு பிறந்துவிட்டான்.

அதற்கு முன் அவன் பார்சல் கிடங்கில் இருந்தான். மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு எலும்பு விலகி, குனிந்தால் நிமிர முடியாமல் போனது. இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் கிடங்கில் தூக்காமல் செய்ய ஒரு வேலையும் இல்லை. அப்போதுதான் காது கேளாத பிள்ளைகளுக்கான பாட வீடியோக்களில், ஆசிரியர் பேசுவதை எழுத்தாக்கி அடியில் ஓடவிடும் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பித்தான். சோதனைக்காக மூன்று பாடங்கள் அனுப்பினார்கள். மறுநாள் மாலைக்குள் முடித்துக் கொடுத்தால் வேலை. இல்லையென்றால் மறுபடியும் கிடங்கு.

காலையில் முதல் பாடத்தைத் திறக்கப் பார்த்தான். கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் மிகவும் பழையது, புதிதாகப் போட்டால்தான் திறப்பேன் என்று எழுத்தைச் சேர்க்கும் மென்பொருள் அடம்பிடித்தது. டிரைவர் என்பது கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே பேசி வைக்கும் ஒரு சின்ன மென்பொருள். இருப்பதிலேயே புதியதை இறக்கி ஓடவிட்டான். அது ஏறும்போது நடுவில் திரை கொஞ்சநேரம் இருண்டு போகும். அவனுக்கு அது தெரியும். தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.

அம்மாவுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஆளில்லாத அறையில் விளக்கோ விசிறியோ ஓடினால் அம்மாவுக்கு நெஞ்சு பதறும். அறைக்குள் எட்டிப் பார்த்தாள், திரை கருப்பாக இருந்தது, சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"யாரு சுவிட்ச ஆஃப் பண்ணது?"

"நான்தான். டிவி கருப்பா கெடந்துச்சு. உள்ள இருக்கற ஃபேன் மட்டும் சும்மா சுத்திட்டிருந்துச்சு. ஆளில்லாத ரூம்ல அதுக்கு என்ன வேர்க்குதா?"

தம்பி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் கத்தியிருந்தால் அம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுபடி போட்டபோது எழுத்துகள் எல்லாம் கடைப் பலகை மாதிரி பெரிதாக, மங்கலாக வந்தன. சத்தம் அடியோடு இல்லை. பாதி ஏறிய டிரைவர் இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை என்று நடுவழியில் நின்றுகொண்டிருந்தது. பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, கார்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தான். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"என்ன மச்சான், இது கம்ப்யூட்டரா, ஆபரேஷனுக்குப் படுக்கவச்ச ஆளா? எப்ப வந்தாலும் வயித்தத் தெறந்தே வச்சிருக்க."

"உங்க பைக்க விட இது நல்லாத்தான் ஓடுது மாமா."

"அது ஓடாதுன்னு நானே ஒத்துக்கிட்டேன்ல? நீ ஒத்துக்க மாட்டேங்கறியே."

தம்பி சிரித்தான். சிரிப்பு முகத்தோடு நின்றுவிட்டது.

அவன் வேலை செய்யும் விதம் எனக்குத் தெரியும். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுவான். மாற்றியதும் ரீஸ்டார்ட் செய்து, என்ன ஆனது என்று பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாது என்பான். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் எழுந்து வருவதற்குள் பொழுது நகர்ந்துகொண்டே இருந்தது.

அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போய், பாதி ஏறிய டிரைவரை வேரோடு பிடுங்கினான். மறுபடி போட்டான். இந்த முறை அம்மா அறைப் பக்கமே வரவில்லை. படம் தெளிவாக வந்தது. சத்தம் வரவில்லை. கிராபிக்ஸ் டிரைவரோடு ஒரு சத்த டிரைவரும் கூடவே வந்து, சத்தத்தை எல்லாம் ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குத் திருப்பியிருந்தது. அதை ஹெட்போன் பக்கம் மாற்றினான். ஆசிரியரின் குரல் வந்தது, கூடவே பிளாஸ்டிக் பையைக் கசக்குவது போல ஒரு கரகரப்பும் வந்தது.

பாட்டுக் கேட்பவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. இவன் வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு சொல்லும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டால்தான் எழுத்தை அங்கே நிறுத்த முடியும்.

மதர்போர்டின் சத்த டிரைவரை மாற்றினான். கரகரப்பு போகவில்லை. ஹெட்போனை முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத் துளைக்கு மாற்றினான். போகவில்லை. ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"என் காதையே என்னால நம்ப முடியலக்கா. கேட்டுக் கேட்டு, இல்லாதப்பவும் கேக்கற மாதிரி இருக்கு. கரகரன்னா விரல தூக்கு."

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆசிரியர் நடந்துகொண்டே பேசினால் விரல் எழுந்தது. கரும்பலகை மட்டும் அசையாமல் நிற்கும் இடத்தில் எழவில்லை. தம்பி அந்த இரண்டு இடங்களையும் மாற்றி மாற்றி ஓடவிட்டான். பிறகு நாற்காலியில் சாய்ந்தான்.

"சத்தத்துல கோளாறு இல்ல. படம் அசையறப்ப இந்தப் புது கிராபிக்ஸ் டிரைவர் எல்லாத்தையும் தானே பிடிச்சுக்குது. சத்தத்துக்கு வழி விடல. நம்ம கார்டு பழசு, இது ரொம்பப் புதுசு. நடுவுல வந்தது எதையாவது போடணும்."

"அப்ப மறுபடியும் பிடுங்கணுமா?"

"மறுபடியும் பிடுங்கணும்."

பிடுங்குவதற்கு முன், வேலை கொடுக்கும் மேடத்துக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான். அம்மா கதவோரம் வந்து நின்றாள்.

"மேடம், மூணு பாடத்துல ரெண்டுதான் சாயந்திரத்துக்குள்ள வரும்."

"ஏன்?"

தம்பி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தான். "டிரைவர் ஏத்திட்டிருக்கறப்ப கரண்ட் போயிடுச்சு மேடம்."

"முன்னாடியே சோதிச்சு வைக்க வேணாமா? சரி, வர்றத அனுப்புங்க. பாத்துட்டு சொல்றேன்." அந்தக் குரலில் நம்பிக்கையும் இல்லை, கோபமும் இல்லை.

அம்மா என் காதருகே வந்து, "கரண்ட் எங்கடி போச்சு? நான்தானே..." என்றாள்.

"சும்மா இரும்மா."

அதற்குப் பிறகு அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சுவிட்சுக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் விசிறி போட வந்தபோதுகூட, "எதையும் தொடாதீங்க மாப்ள, வேர்த்தா வேர்க்கட்டும்" என்றாள்.

நடுவில் வந்த ஒரு டிரைவர் ஏறியது. மென்பொருள் திறந்தது. ஆசிரியர் அங்குமிங்கும் நடந்தார், பேசினார், என் விரல் மடியிலேயே கிடந்தது. தம்பிக்குச் சந்தோஷப்படவும் தெம்பில்லை. ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு உடனே முதல் பாடத்தில் இறங்கினான். இடுப்புக்கு ஒரு தலையணை வைத்துக் கொடுத்தேன். பிறகு இன்னொன்று வைத்தேன். இரண்டாவது பாடம் முடிந்து அனுப்பும்போது, அவன் முதுகு நாற்காலியின் வளைவிலேயே உறைந்து போயிருந்தது. மேசையைப் பிடித்துத்தான் எழுந்தான்.

பதில் வர நாங்கள் காத்திருந்தோம். வந்தது சுருக்கமாக இருந்தது. எழுத்து நிற்கும் இடங்கள் சரியாக உள்ளன, மூன்றாவதை நாளை மதியத்துக்குள் அனுப்பவும், அடுத்த வாரத்துக்கான பாடங்கள் இத்துடன். கீழே வீடியோக்கள் வரிசையாக நீண்டுகொண்டே போயின.

"வேலை கெடச்சிடுச்சாடா?" என்றாள் அம்மா.

"கெடச்சிடுச்சும்மா." கிடங்கில் அடுத்த லாரி வந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னான்.

தரையில் மல்லாந்து படுத்து முதுகை நீட்டினான். ஒவ்வொரு எலும்பாகத் தரையில் இறங்குவது தெரிந்தது.

"அக்கா, அந்த மூணாவது பாடத்தப் போடு. படுத்துக்கிட்டே ஒருதரம் கேட்டுக்கறேன். காலையில சுலபமா இருக்கும்."

ஒயரை இழுத்து ஹெட்போனை அவன் காதில் மாட்டிவிட்டு ஓடவிட்டேன். திரையில் ஆசிரியர் ஒரு முக்கோணம் வரைந்து முடிப்பதற்குள் தூங்கிப்போனான். எழுப்பாமல், சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன்.