உறை பிரிக்காத பெட்டி

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் நாகலெட்சுமி வீடு எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுவார்கள். நடிகை வீடு என்று கேளுங்கள், லயத்து நாய்கூட வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் நடக்கும். நடிகை என்பது பட்டப்பெயர். வைத்தவள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக் காளியாயி. இருபது வருஷமாகியும் ஒட்டின அட்டை மாதிரி விழ மாட்டேன் என்கிறது.

நாகலெட்சுமி பிறந்தது அக்கரப்பத்தனையில். அங்கே கொழுந்தெடுக்கப் போன புதுசில் இந்தியாவிலிருந்து ஒரு சினிமாக் கூட்டம் தோட்டத்துக்கு வந்து இறங்கியது. கதாநாயகி அழுதுகொண்டே தேயிலைக்கு நடுவே ஓடுவாளாம். கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலில் நின்று ஒருத்தி, "மழை வருது, உள்ள வந்துருடி!" என்று கத்த வேண்டுமாம். மலையில் நின்ற அத்தனை பெண்களிலும் இவளைத்தான் கூப்பிட்டார்கள். பொழுது சாயும்வரை கத்தித் தொண்டை கட்டிப்போனது. கூடையில் கொழுந்து இல்லாததால் அன்றைக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம்தான் விழுந்தது. போனால் போகிறது, படத்தில் வருவோமே என்று இருந்தாள்.

படம் வெளியாவதற்குள் கல்யாணமாகி இங்கே வந்துவிட்டாள். புதுப்பெண் வாய் சும்மா இருக்குமா? லயம் முழுக்கச் சொல்லி வைத்தாள். வேன் பிடித்து ஹட்டன் தியேட்டருக்கு எல்லோரும் போனார்கள். கதாநாயகி ஓடினாள், அழுதாள், பாட்டு வந்தது, படமும் முடிந்தது. நாகலெட்சுமி வரவே இல்லை. அந்தத் துண்டை வெட்டி எறிந்திருந்தார்கள், பாவிகள்.

"நடிகைக்கு வழி விடுங்கடி," என்று வேனில் ஏறும்போது காளியாயி சொன்னாள். அன்றைக்குத் தொடங்கியது. காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நின்றாலும் நடிகை, கொழுந்து நிறுக்கப் போனாலும் நடிகை. கங்காணிகூட அப்படித்தான் கூப்பிடுகிறான். பொய் சொன்னவள் என்று நேரே சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

இதில் புருஷன் விஜிதரன் என்ன நினைத்தான் என்பதுதான் இன்றுவரை அவளுக்குத் தெரியாது. ஒரு காலத்தில் சடங்கு வீடுகளுக்கு டீவியும் டெக்கும் வாடகைக்கு விட்டவன், இப்போது பஜாரில் போன் திருத்துகிறான். படம் என்றால் சோறு வேண்டாம். ஆனால் பெண்டாட்டி நடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நம்பவில்லையா, அவமானமா, என்ன இழவோ.

அப்படிப்பட்டவன் போன மாசம் ஒரு பெட்டியோடு வந்தான். சென்னைக்குப் போய்வந்த கூட்டாளி மூலம் வாங்கினதாம். அதே படம்! இருபதாம் வருஷச் சிறப்புப் பதிப்பு. தகரப் பெட்டி, உள்ளே டிவிடித் தட்டு, போஸ்டர், படம் போட்ட அட்டைகள், பிலிம் சுருளில் ஒரு துண்டு. எண்ணித்தான் செய்தார்களாம், இனிமேல் கிடைக்காதாம்.

விலையைக் கேட்டதும் நாகலெட்சுமியின் கண் கூரைக்குப் போனது. மழை பெய்தால் குசினியில் மூன்று இடத்தில் சட்டி வைக்கிறாள். கூரைத் தகரம் வாங்க வேண்டிய காசு தகரப் பெட்டியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. வாய் திறக்கப் போனவளிடம் அவன் பெட்டியின் முதுகைக் காட்டினான்.

"இங்க பாரு. வெட்டின காட்சியெல்லாம் சேத்துருக்காங்களாம்."

அந்த ஒரு வார்த்தையில் கோபம் முழுக்க வடிந்துபோனது. கையைத் துடைத்துக்கொண்டு டீவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அவனோ பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"ஒடைக்கக் கூடாது லெட்சுமி. பிளாஸ்டிக் உறை பிரிச்சா மதிப்பு போயிரும்."

"பாக்கக் கூடாத படத்த எதுக்குங்க வாங்குனீங்க?"

"இதெல்லாம் சேத்து வக்கிற சாமான். ஒனக்கு வெளங்காது."

உண்மைதான், விளங்கவில்லை. பசிக்குச் சோறு வாங்கி மூடியைத் திறக்காமல் கும்பிடுகிறவனை என்ன சொல்வது? மூடுபனி பட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்று அதை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினான். லயத்தில் எது ஈரம் படக்கூடாதோ அதற்கு அங்கேதான் இடம்: உப்பு, விதை, மழைக்கால விறகு, இப்போது இந்த மகாராசா. ரொட்டி தட்டும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பாள். அதற்குள்ளே அவள் இருக்கிறாள், புகை குடித்துக்கொண்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விஜிதரன் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினான். சரி, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தாள். அவன் பழைய பத்திரிகையில் அதைச் சுற்றத் தொடங்கினான்.

"கொழும்புல ஒரு ஆளு கேட்டாரு. டபுள் வெல தர்றேங்கிறாரு. காலையில பஸ்ல குடுத்து விடணும்."

"நான் இன்னும் பாக்கலையேங்க!"

"அதுல நீ இருக்கேன்னு என்ன நிச்சயம்?"

இருபது வருஷத்துக்கு அப்புறம் வாயிலிருந்து வந்த முத்தைப் பாருங்கள்! நாகலெட்சுமி அடுப்படிக்குப் போனாள். விறகு பிளக்கிற கவ்வாத்துக் கத்தியை எடுத்தாள். அவன் "ஐயோ" என்று பாய்வதற்குள் உறை கிழிந்துவிட்டது.

"போச்சு! எல்லாம் போச்சு!"

"போகட்டும். போடுங்க படத்த."

கத்தி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. போட்டான். சத்தம் கேட்டுக் காளியாயியும் வந்து வாசலில் நின்றாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

வெட்டின காட்சிகளில் நாலாவது. தேயிலை மலை. கதாநாயகி ஓடுகிறாள். படம் கட்டங்கட்டமாக உடைந்தது, துள்ளியது, பிறகு அப்படியே நின்றுவிட்டது. சத்தமும் நின்றது. திரை நிறைய மடுவத்து வாசல். அங்கே தலையில் கூடைக் கயிறும், ஒரு கண் மூடியும், வாய் ஆவென்று திறந்தும் ஒரு பெண்பிள்ளை.

"தட்டு வளைஞ்சிருக்கு," என்று தலையில் கைவைத்தான் விஜிதரன். "பரண் சூட்டுல வளைஞ்சிருச்சு. இரு, எடுத்துட்டு மறுபடி போடுறேன்."

"கைய வச்சிராதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவன் பின்வாங்கினான். எடுத்தால் திரும்ப வருமோ, வராதோ. நிற்கட்டும். இருபது வருஷம் ஓடின மாதிரி ஓடிப்போகாமல் இப்போதாவது நிற்கட்டும்.

காளியாயி திரையைப் பார்த்தாள். நாகலெட்சுமியைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். கூரைத் தண்ணீர் தோளில் வழிவதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"ஏண்டி," என்றாள் கடைசியில், "அப்பவே ஒனக்கு வாயி இம்புட்டுப் பெருசாத்தான் இருந்துருக்கு."

காளியாயிக்குக் கொடுக்கவென்று இருபது வருஷமாகச் சேர்த்து வைத்த பதில்கள் எத்தனை! கண்தான் கரித்தது. இந்தக் கழுதை வேறு வாசலில் நின்று நனைகிறதே என்று எரிச்சல்தான் வந்தது.

"மழை வருது, உள்ள வந்துருடி!" என்று கத்தினாள்.

விஜிதரன் திரும்பினான். திரையில் திறந்திருந்த வாயையும் பக்கத்தில் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதானா நீ பேசுன வசனம்?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் நாகலெட்சுமி.