மூத்த வீட்டுக்கு ஆதாரம்

பால்ச்சாமி ஊரை விட்டுக் கிளம்பியது மாசிச் சிவராத்திரி முடிந்த திங்கட்கிழமை. ஆதாரம் இல்லாமல் தேவதானத்தில் கால் வைப்பதில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் பத்திர ஆபீசில் அன்றைக்குக் கரண்ட் இல்லை.

விஷயம் இதுதான். குலதெய்வக் கோயிலில் முதல் பரிவட்டத்தைப் பூசாரி மூத்த வீட்டுக்காரர் தலையில் கட்டுவார். அது காலங்காலமாகப் பங்காளி வல்லரசு வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. பட்டாளத்தில் இருந்தவரை பால்ச்சாமிக்குச் சிவராத்திரிக்கு லீவு கிடைத்ததில்லை. அதனால் மனத்தாங்கலும் இல்லை. ஓய்வுபெற்று ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கு செக்யூரிட்டியாகப் போன பிறகு, கேட்டடியில் உட்கார்ந்து யோசிக்க நேரம் தாராளமாகக் கிடைத்தது.

"ஒரு முழத் துணிக்கு இம்புட்டு அலைச்சலா? ஒங்க கம்பெனியில பேண்டேஜ் துணி கெடக்கும்லா, அதைச் சுத்திக்கிட்டு நில்லுங்க" என்றாள் மனைவி வெள்ளத்தாய்.

"ஏட்டி, இது வம்சம். ஒனக்குப் புரியாது."

"எனக்கு எதுக்குப் புரியணும்? நான் என்ன மூத்த வீடா?"

வார லீவெல்லாம் அதற்கே போனது. பழைய பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஊரில் பாதிப்பேர் ஜூன் முதல் தேதி பிறந்திருந்தார்கள். வாத்தியார் வசதிக்காகத் தாய்மார்கள் அப்படிப் பெற்றுக் கொடுத்திருந்தார்கள். இறப்புப் பதிவேட்டில் அத்தனை பேரும் காய்ச்சலில் செத்திருந்தார்கள். கடைசியில் பத்திர ஆபீசில் பூட்டன் காலத்துப் பாகப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. வாசலில் இருந்த பத்திர எழுத்தர் அழகுராஜா அந்தக் கிறுக்கலை வாசித்துச் சொன்னார்.

"ரெண்டாம் பக்கத்துல தெளிவா இருக்கு அண்ணாச்சி. 'வெள்ளையனும் அவன் தம்பி கருப்பனும்'னு."

வெள்ளையன் பால்ச்சாமியின் பூட்டன். கருப்பன் வல்லரசுவின் பூட்டன். பால்ச்சாமி எழுந்து நின்றுவிட்டார்.

"ஆனா மொதப் பக்கத்துல ஒருத்தர் இருக்காரே. 'மூத்தவன் சுடலையாண்டி, கண்டிச் சீமைக்குப் போயிருக்கிறான்'னு."

"போனவரு போயிட்டாரு. இப்ப இல்லேல்லா?"

"இப்ப ஒங்க பூட்டனுந்தான் இல்ல" என்றார் அழகுராஜா.

பால்ச்சாமி இரண்டாம் பக்கத்தை மட்டும் லேமினேஷன் போட்டுக்கொண்டார்.

கோயில் கூட்டத்தில் அது கை மாறிக் கை மாறிப் போனது. வல்லரசு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எண்ணே, ஒண்ணாம் பக்கம் எங்க?"

"அதுல சர்க்கார் முத்திரைதாம்லே இருக்கு. அதை வச்சு நீ என்ன செய்யப்போற?"

வல்லரசு பத்திர ஆபீசுக்கே நேரில் போய்ப் பார்த்திருக்கலாம். ரெண்டு பஸ் மாற வேண்டுமே என்று விட்டுவிட்டான். அடுத்த சிவராத்திரியில் பரிவட்டம் பால்ச்சாமி தலைக்கு வந்தது. அவர் கண் கலங்கியது நிஜம்.

அதன்பின் அவர் ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டார். "வாய் பொய் சொல்லும், பதிவேடு சொல்லாது" என்று டீக்கடையில் விளக்கினார். சுற்றுப்பட்டி ஆட்கள் வம்சம் கேட்டு வந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பூட்டனைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதில் ஒரு பூட்டன்கூட இளையவன் இல்லை. தேவதானம் குடும்பம் பற்றி யார் விசாரித்தாலும் தன்னிடம் அனுப்பும்படி அழகுராஜாவிடம் போன் நம்பரையும் கொடுத்து வைத்தார்.

மூன்றாம் பரிவட்டம் நெருங்கிய சமயம், கம்பெனி கேட்டில் உட்கார்ந்திருந்தபோது வாட்ஸ்அப்பில் வந்தது:

"வணக்கம் ஐயா. நான் விக்னேஷ்வரன், இலங்கை ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பூட்டன் சுடலையாண்டி தேவதானத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். ஊரில் அவருக்குத் தம்பிமார் இருவர் இருந்தார்களாம். அங்குள்ள குடும்பங்களை உங்களைவிட அறிந்தவர் இல்லை என்று அழகுராஜா ஐயா உங்கள் இலக்கத்தைத் தந்தார். சிவராத்திரிக்குக் குடும்பமாக வருகிறோம். முன்னுக்கு நிற்கும் எண்ணமில்லை. ஓர் ஓரமாக நின்று கும்பிட்டால் போதும். மூத்த வீட்டார் யாரென்று சொன்னீர்களானால், முதலில் அவரிடம் அனுமதி கேட்டுக்கொள்வோம்."