எரியாத துணி

எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுச் சமையலறைகளில் ஒரே மாதிரியான அழுக்கு வெள்ளைத் துணி ஒன்று கிடக்கும். சாக்கு போல முரடாக இருக்கும், நெருப்பில் காட்டினால் பற்றாது. சோற்றுப் பானையை இறக்க ஒருவர், இஸ்திரி போடும்போது அடியில் விரிக்க ஒருவர், அடுப்புக்குப் பின்னால் சுவரில் மாட்ட ஒருவர் என்று அவரவர் வசதிக்கு வைத்துக்கொண்டார்கள். எல்லாம் என் அப்பா கொடுத்தது. அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நைனா பாய்லருக்கும் நீராவிக் குழாய்களுக்கும் சூடு வெளியே போகாதபடி துணி சுற்றுகிற வேலை பார்த்தார். ஒரு காண்டிராக்டரிடம் இருந்தார், மில், சாயப்பட்டறை, சர்க்கரை ஆலை என்று அவர் அனுப்புகிற இடத்துக்கெல்லாம் போவார். வேலை முடிந்தால் மிச்சத் துண்டுகளை மேஸ்திரி ஆட்களிடமே கொடுத்துவிடுவார். நைனா அவற்றைப் பையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார், ஊரில் இல்லாத பட்டுச்சேலை வாங்கி வந்தவர் மாதிரி ஒரு முகம். அம்மா கத்தரித்து, ஓரம் மடித்துத் தைப்பாள். சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் பாத்திரச் சீரோடு ஒரு துணியும் போகும். பள்ளிக்கூடக் கண்காட்சியில் அதற்குக் கீழே மெழுகுவத்தி கொளுத்திக் காட்டி நானே முதல் பரிசு வாங்கியிருக்கிறேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சனிக்கிழமைகளில் அம்மா எங்கள் வீட்டுத் துணியைப் பின்சுவரில் அடித்து உதறுவாள். நைனாவின் வேலைச் சட்டையையும் அப்படித்தான் உதறிவிட்டு நனைய வைப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு நடந்து வந்த அம்மா பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள், எடுத்தார்கள், மறுபடி கோத்தது. டிபி என்று கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டாள். கடைசியில் சென்னையில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு மீசோதீலியோமா என்றார்கள். நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் வருகிற புற்றுநோய்.

"வீட்டில் யாராவது ஆஸ்பெஸ்டாஸ் வேலை பார்த்தார்களா?" என்று டாக்டர் கேட்டார்.

எங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரை ஷீட்தான். டாக்டர் விளக்கினார், அதே கல்நாரைத் துணியாக நெய்வார்கள், கயிறாகத் திரிப்பார்கள், பாய்லருக்குச் சுற்றுவார்கள் என்று. அவர் சொல்லச் சொல்ல நைனாவின் பைதான் என் கண்முன் வந்தது. அம்மா அசையாமல் கேட்டுவிட்டு, "இல்ல சார், எங்க வூட்ல யாரும் அந்த வேலைக்குப் போனதில்ல" என்றாள்.

நைனா அப்போது கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தார். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க நைனா காதுக்கு இது போவக்கூடாது. போச்சுன்னா எனக்கு முன்ன அவரு செத்துடுவாரு. புரிதா?"

தலையாட்டினேன். பிறகு நான் மட்டும் திரும்பப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். சட்டையா, துணியா, எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். மற்ற வீடுகளில் இருப்பவற்றை முதலில் அப்புறப்படுத்துங்கள் என்றார். உதறக் கூடாது, நனைத்து, கெட்டியான பிளாஸ்டிக் பை இரண்டில் போட்டு ஒட்ட வேண்டும். நைனாவுக்கும் ஏதோ சாக்குச் சொல்லி ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம். அவருக்கு ஒன்றுமில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், எனக்கு அன்றைக்கு ஆத்திரம்தான் வந்தது.

அம்மாவுக்குப் படுத்தால் மூச்சுத் திணறும். நாலு தலையணை வைத்துச் சாய்ந்தபடியே தூங்கப் பழகினாள். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பாடு. டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தால் திணறல் குறையும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். ஃபேனுக்குக் காவல் நைனா. கரண்ட் போனால் பேப்பரை மடித்து விசிறுவார், கரண்ட் வந்த பிறகும் நிறுத்த மாட்டார்.

நான் ஒரு ஐ.டி. கம்பெனியில் கட்டடப் பராமரிப்பு பார்க்கிறேன். அங்கே கெமிக்கல் கழிவை எடுத்துப்போகும் ஆட்களிடம் பேசி வைத்துக்கொண்டு துணி வேட்டையில் இறங்கினேன். எங்கள் வீட்டுத் துணியை நைனா இல்லாத நேரத்தில் எடுத்துவிட்டேன். காரணத்தைச் சொன்னால் மாலைக்குள் நைனாவுக்குப் போய்விடும். அதனால் ஒரு டஜன் புது அடுப்புக் கையுறை வாங்கி, "பழசக் குடுத்துட்டு இத வெச்சுக்கோங்க" என்று வீடு வீடாகக் கொடுத்தேன். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவள் என்னிடம் தோற்றாள். ஐந்து வீடு சுலபமாக முடிந்தது, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆறாவது, திருவிடந்தையில் இருக்கும் அத்தை வீடு. நைனாவின் ஒரே தங்கை.

"எங்க அண்ணன் சீரோட வெச்சுக் குடுத்தது. அத இன்னாத்துக்கு நீ திருப்பிக் கேக்குற?" என்றாள். கையுறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் வீடு திரும்புவதற்குள் அவள் போன் வந்து சேர்ந்துவிட்டது.

நைனா வாசலிலேயே நின்றிருந்தார்.

"கூடப் பொறந்தவளுக்கு வெச்ச சீர திருப்பிக் கேட்டியாமே? எம் மூஞ்சில கரியப் பூசிட்டு வந்துகினு கீற. இனிமே அவ வூட்டு வாசப்படி எப்படி மிதிப்பேன்?"

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். ஆஸ்பத்திரி, ஆபீஸ், இந்தப் பொய் எல்லாம் சேர்ந்து அன்றைக்கு வெடித்தது.

"அது துணி இல்ல நைனா, கல்நாரு. அந்தத் தூசிதான் அம்மா நெஞ்சுல கீது. போதுமா?"

சொல்லி முடித்த கணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நைனா கதவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்போ எங்கிட்டேர்ந்துதான் அவளுக்கு வந்துச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் ஆசைப்பட்டேன். 

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "யோவ், இங்க வாய்யா." நைனா போய்க் கட்டில் ஓரமாக நின்றார், முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா மூச்சை நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"நீ இன்னா தெரிஞ்சா எடுத்தாந்த? நான் கைய சுட்டுகினு நின்னேன். நீ பாத்த. மறுவாரம் எடுத்தாந்த. அவ்ளோதான். அந்த ஃபேன இந்தப் பக்கம் திருப்பு."

நைனா ஃபேனைத் திருப்பினார். இரண்டு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. நான் ஊட்டிய கஞ்சியை மட்டும் குடித்தாள்.

மறுநாள் நைனா என்னையும் பிளாஸ்டிக் பையையும் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனார். "தெரியாம குடுத்துட்டம்மா. உங்க அண்ணி அதனாலதான் படுத்துகினு கீறா" என்று வாசலில் நின்றே சொன்னார். அத்தை அழுதுகொண்டே உள்ளே போய் ஒன்றுக்கு மூன்று துண்டாக எடுத்து வந்தாள். மற்ற வீடுகளிலும் ஒன்றுக்கு மேல் இருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் போய்க் கேட்டோம். நான் சாமர்த்தியமாக முடித்த ஐந்து வீட்டில் நான்கில், பழைய துண்டைக் கொடுத்துவிட்டு நல்ல துண்டை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆபத்து என்று தெரியாதவர்கள் வேறு என்ன செய்வார்கள்? நைனா ஒவ்வொரு வீட்டிலும் அதே வார்த்தைகளைச் சொன்னார். ஒரு வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

மிச்சம் இருந்தது வேடந்தாங்கல் பக்கத்தில் என் சித்தி வீடு, அம்மாவின் தங்கை. அங்கே போக மட்டும் நைனா நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கி நானும் வரேன்யா" என்றாள் ஒருநாள்.

வாசல்வரை வருவதற்கே இரண்டு இடத்தில் நிற்கிறவள். நான் வேண்டாம் என்றேன், கத்தினேன், டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு மெதுவாகக் கூட்டிப்போங்கள் என்றுவிட்டார். காலையில் முன் சீட்டில் தலையணைகளை அடுக்கி அவளை உட்கார வைத்தோம். செங்கல்பட்டு தாண்டும்வரை நைனா பின் சீட்டிலிருந்து பேப்பரால் விசிறிக்கொண்டே வந்தார்.

காரைப் பார்த்ததும் சித்தி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். தோளில் அந்தத் துணி. நைனா இறங்கினார், வாயைத் திறந்தார். இத்தனை வீட்டில் சொன்ன வார்த்தை இங்கே வரவில்லை.

அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். "அப்பிடியே நில்லு. அந்தத் துணிய தொடாத, ஒதறாத. மாமா தண்ணி ஊத்துவாரு."

நைனா மாஸ்க்கைப் போட்டுக்கொண்டார். தொட்டியிலிருந்து மக்கில் மொண்டு சித்தியின் தோளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அதில் சேலை பாதி நனைந்துவிட்டது. துணி ஊறியதும் எடுத்துப் பையில் போட்டார்.

"இன்னாக்கா இது?" என்றாள் சித்தி. 

அம்மா எல்லாவற்றையும் தானே சொன்னாள். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கிச் சொன்னாள். சித்தி நைனாவைப் பார்த்த பார்வை எனக்கே பயமாக இருந்தது. அம்மா அவள் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தாள்.

"அவர அப்பிடிப் பாக்காத. நாளைக்கி நான் இல்லாம இவரு உன் வாசல்ல வந்து நின்னா, ஒரு வாய் சோறு போடணும். அத உங்கிட்ட சொல்லத்தான் வந்தேன்."