கடைசியாக வெட்டிய கொப்பு

"அண்ணே, மெஷின் வாள எடுத்துக்கிட்டு ஓடி வாங்க! எங்க லயத்து மேல மரம் சாஞ்சிருச்சு!" மழைச் சத்தத்துக்குள் ஒரு பெண் கத்தினாள். அதோடு போன் இணைப்பு அறுந்துவிட்டது. அது தேயிலைத் தோட்டத்தில் யோகு குடியிருந்த லயம், வரிசை வீடுகள். மரம் வெட்டும் தொழிலில் நான் ஏறுகிறவன், அவன் கீழே நின்று கயிறு பிடிக்கிறவன். கயிற்றை எடுத்து வைக்கச் சொல்ல அவனை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. அவன் இறந்துபோன சேதி எனக்கு அப்படித்தான் வந்தது.

அவன் நினைவாகக் கூடியிருக்கிற, அவனோடு வேலை செய்த உங்களுக்கு அவனுடைய நிதானம் தெரியும். கண்டிப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடையின் கூரைமேல் சாய்ந்திருந்த மாமரத்தை வெட்டப் போயிருந்தோம். முதலாளி அவசரப்படுத்தினார். இவன் வெற்றிலையை மென்றுகொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். "என்னடா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றேன். "பொண்ணுன்னா ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். மரத்துக்குப் பத்தாது மச்சான். எது எதைத் தாங்கிக்கிட்டு நிக்குதுன்னு மொதல்ல பாரு. அப்புறம் வாளைத் தொடு" என்றான். கயிற்றைக் கையில் சுற்றவே மாட்டான், பக்கத்து மரத்தில்தான் சுற்றுவான். பாரத்தை மரம் தாங்கட்டும், கை வழிகாட்டினால் போதும் என்பான்.

ஊரான் வீட்டு மரத்தையெல்லாம் வெட்டினோம். அவன் வீட்டுக்குப் பின்னால் நெடிதாக வளர்ந்து நின்ற டர்பன்டைன் மரத்தில் மட்டும் கை வைக்க முடியவில்லை. அது தோட்டத்து மரம், தோட்டத்து மண். அனுமதி கேட்டுத் தோட்டத்து ஆபீசுக்கு நடையாய் நடந்தான். "பாக்குறோம்னு சொல்றாங்க மச்சான். மரமும் அவங்களோட சேந்து என்னயப் பாத்துக்கிட்டு நிக்குது" என்று சிரித்தான். அனுமதி வரவேயில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த மரம் கூரையைப் பிளந்துகொண்டு கிடந்தது. தடித்த கொப்பு ஒன்று தரையில் ஊன்றி நின்றது. அதன் அடியில் யோகு. கூப்பிட்டேன், பதில் இல்லை. அவனுக்கு அப்பால், அவன் மனைவி செல்வியின் கால்கள் அலுமாரிக்கு அடியில் மாட்டியிருந்தன. அவள் முகத்துக்குச் சற்று மேலே அடிமரம் நின்றது.

"கொப்ப வெட்டுங்க, ஆள எடுப்போம்!" என்று எல்லோரும் கத்தினார்கள். "அண்ணே, அவர மொதல்ல எடுங்க" என்று செல்வி அழுதாள். வாளை முடுக்கிவிட்டேன். அப்போதுதான் கண்ணில் பட்டது, அடிமரத்தைத் தாங்கி நின்றது அந்தக் கொப்புதான். அதை வெட்டினால் மொத்த மரமும் அவள்மேல் இறங்கும். வாளை நிறுத்தினேன்.

கட்டைகளைக் கொண்டுவந்து அடிமரத்துக்கு முட்டுக் கொடுத்தோம். கயிற்றைப் பிடிக்க வந்தவர்களிடம், "கையில சுத்தாதீங்க, மரத்துல சுத்துங்க" என்றேன். என் வாயில் வந்தது அவன் சொல். அலுமாரியை நிமிர்த்திச் செல்வியை இழுத்தெடுத்தோம். கொப்பைக் கடைசியாகத்தான் வெட்டினேன். அவன் உடம்பில் அப்போதும் கொஞ்சம் சூடு இருந்தது.

மரம் விழுந்த உடனேயே உயிர் போயிருக்கும் என்றார் கண்டி ஆஸ்பத்திரி டாக்டர். நம்பப் பார்க்கிறேன். முடியவில்லை.

காரியம் முடிந்த அன்று, "அவர ஏன் கடைசியா எடுத்தீங்கண்ணே?" என்று செல்வி கேட்டாள். எது எதைத் தாங்கி நிற்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்வானே, அதைச் சொன்னேன். "அவரு சொல்லிக் குடுத்தத அவருக்கே செஞ்சிட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பாடம்தான். அது சரியான பாடம். அதனால்தான் செல்வி உயிரோடு இருக்கிறாள். அது தப்பாக இருந்திருந்தால் அவனையாவது திட்டித் தீர்த்திருப்பேன்.