கூட்ஸ் வண்டி வந்தால்தான் கணக்கு வரும்

திருச்சியில் தங்கை வீட்டில் சில நாள் இருந்துவிட்டு அரியலூர் திரும்பினேன். தெருவுக்குள் நுழைந்ததும் பகீரென்றது. எதிர்வீட்டு வாசல் நிறையச் செருப்புகள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒருவர் உள்ளே போகிறார். ஆரஞ்சுப் பையோடு இன்னொருவர். வெளியே வந்த ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்.

கையில் இருந்த பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அந்த அம்மாளைப் பிடித்து, "யாருக்குங்க முடியல?" என்றேன்.

"முடியாமல்லாம் ஒண்ணுமில்லீங்க..." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம அரசிக்குப் ப்ளஸ் டூ பரீட்சை வருதுல்ல. அதான் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஆஸ்பத்திரியில் யாராவது படுத்தால் வெறுங்கையோடு போய்ப் பார்க்க மாட்டார்கள். அந்த நல்ல குணத்தை இப்போது பரீட்சைக்கும் நீட்டியிருக்கிறார்கள்! ரொட்டி, ஹார்லிக்ஸ், ஆரஞ்சு... எல்லாம் அதே. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வைத்துக்கொள்ளும் அதே முகம். "தைரியமா இரு தாயி, எல்லாம் அவன் பாத்துக்குவான்" என்று அதே வசனம். நன்றாக இருக்கிற பிள்ளைக்கே படுத்துக்கொள்ளலாமா என்று தோன்றும்.

தமிழரசி என் எதிர்வீட்டுப் பெண். அப்பா ராமலிங்கம் லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறார். சிமெண்ட் லோடு ஏற்றி அனுப்புகிற வேலை. அம்மா சந்திரா. எங்கள் தெருவில் ப்ளஸ் டூ வரைக்கும் வந்த முதல் பெண் அரசிதான். அதனால் அது அவள் பரீட்சை இல்லை, தெருவின் பரீட்சை! ரேடியோக்கள் முணுமுணுத்தன. பக்கத்துத் தெரு காதுகுத்தில் குழாய் ஸ்பீக்கரைச் சுடுகாட்டுப் பக்கம் திருப்பிக் கட்டினார்கள். அங்கே யாரும் பரீட்சை எழுதவில்லையாம்.

சரி, இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? அரையாண்டுப் பரீட்சையில் ஒரு விஷயம் நடந்துவிட்டது. கணக்குப் பேப்பரைக் கையில் வாங்கியதும் அரசிக்கு வயிற்றைப் பிசைந்திருக்கிறது. பாதியில் எழுந்து வந்து, பள்ளிக்கூடத்து அடிபம்பில் வாந்தி எடுத்துவிட்டாள். இத்தனைக்கும் வகுப்பிலேயே கணக்கு நன்றாகப் போடுகிறவள். காலேஜ் படித்துக் கணக்கு டீச்சராக வேண்டும் என்பது அவள் ஆசை.

அன்றைக்கே ராமலிங்கம் தீர்ப்பு சொல்லிவிட்டார். "முழுப் பரீட்சையிலயும் இப்படி எந்திரிச்சு வந்தியோ, படிச்சது போதும். அரும்பாவூர்ல ஒன் மாமன் மவன் காத்துக்கிட்டுத்தான் இருக்கான்."

கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்த அப்பாக்கள் எல்லாரும் சத்தமாகத்தான் பேசுகிறார்கள், கவனித்திருக்கிறீர்களா?

ஊரே போய்ப் புத்தி சொல்லும்போது நான் மட்டும் சும்மா இருக்க முடியுமா? வாரா வாரம் பேப்பரில் பத்தி எழுதுகிறவள் வேறு! அரசியை உட்கார வைத்து, மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடச் சொன்னேன். மனதைக் குளம் மாதிரி வைத்துக்கொள் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"செஞ்சு பாத்தேன் பெரியம்மா," என்றாள் மறுநாள். "இழுத்தது சரியா, விட்டது சரியான்னு அது வேற ஒரு பரீட்சையா இருக்கு."

இரண்டு நாள் கழித்துச் சந்திரா என் வீட்டுக்கு வந்தாள். முகம் செத்துப் போயிருந்தது.

"அக்கா... சாயங்காலமானா எங்கயோ போயிட்டு வராக்கா. கேட்டா, சும்மா நடந்துட்டு வரேங்கறா. ரயில்வே கேட்டுப் பக்கம் பாத்ததா சொல்றாங்க." முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "நான் போனா கோவிச்சுக்குவா. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

தண்டவாளம், பரீட்சை பயம், பதினேழு வயசு. சந்திரா வாய்விட்டுச் சொல்லாதது எனக்கும் புரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அரசிக்குப் பின்னாலேயே நடந்தேன். உண்மையாகவே பயந்தேன்.

அவள் தண்டவாளத்துக்குப் போகவில்லை. கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, வேலிக்கு இந்தப் பக்கம், ஒரு வேப்பமரத்தடியில் போய் நின்றாள். கேட் சாத்தியிருந்தது. சைக்கிள்காரர்களும் ஒரு மாட்டு வண்டியும் காத்திருந்தார்கள். நான் வண்டிக்குப் பின்னால் மறைந்துகொண்டேன்.

தூரத்தில் ஹாரன். தடதடவென்று சத்தம் நெருங்கியது. அரசி இடுப்பில் கையை ஊன்றினாள். வாயைத் திறந்தாள். கத்த ஆரம்பித்தாள்!

என்ன கத்தினாள் என்று காதில் விழவில்லை. விழக் கூடாது என்றுதானே அங்கே போவது? சிமெண்ட் ஏற்றிக்கொண்டு போகிற கூட்ஸ் ஆடி அசைந்து போய் முடிய ரொம்ப நேரமாகும். அதற்குள் ஆசை தீரக் கத்திக்கொள்ளலாம். யாருக்கும் கேட்காது.

ஆனால் பாருங்கள்... அன்றைக்கு வந்தது கூட்ஸ் இல்லை. வெறும் என்ஜின்! பின்னால் ஒரு பெட்டிகூடக் கிடையாது. விருட்டென்று போய்விட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்த அரசிக்கு அது தெரியவில்லை.

"...ஒங்க ஹார்லிக்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்! நான் ஒண்ணும் சாவப் போறதில்ல! அரும்பாவூருக்கு நீங்களே போங்கப்பா! பெரியம்மா, ஒங்க புத்திமதியெல்லாம் பேப்பர்லயே வச்சுக்குங்க! ஆள விடுங்க...!"

அத்தனை அமைதியில் அது ஊருக்கே கேட்டது. மாட்டு வண்டியின் மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. கண்ணைத் திறந்தவள் என்னையும் பார்த்துவிட்டாள். முகம் வெளிறிப்போனது.

"பெரியம்மா... அது ஒங்கள இல்ல..."

"வேற எந்தப் பெரியம்மா பேப்பர்ல எழுதறா?" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கொஞ்சம் அழவும் செய்தாள்.

திரும்பி நடக்கும்போது சொன்னாள். "எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்றாங்க பெரியம்மா. அதான் யாரையும் எதுத்துப் பேச முடியல. உள்ளயே கெடந்து வயித்தப் பெசையுது. இங்க வந்து கத்திட்டுப் போனா வலி இல்ல. வூட்டுக்குப் போயி உக்காந்தா கணக்கு கடகடன்னு வருது."

அவள் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். யாருக்கும் தொந்தரவு இல்லாத வழி. இதையா தடுப்பது?

தடுத்தார்கள்! கேட்டில் நின்ற சைக்கிள்கள் எங்களுக்கு முன்னாலேயே தெருவுக்குப் போய்விட்டனவே. நான் வீட்டு வாசலை மிதிப்பதற்குள் முடிவே ஆகிவிட்டது – அரசியை ரயில்வே கேட்டு முனி பிடித்திருக்கிறது. வேப்பிலை அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மந்திரிக்கக் கூட்டிப் போகலாம் என்று சந்திரா கிளம்பிவிட்டாள். திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை!

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "அப்பனையே அரும்பாவூருக்குப் போங்கன்னு சொன்னாளாம்க்கா. எம்மவளா அப்படிப் பேசுவா? முனிதான்" என்று ஒரே பிடியாக நின்றாள்.

பேசிப் பிரயோஜனம் இல்லை என்று சனிக்கிழமை சாயங்காலம் அவளையே இழுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். வேப்பமரத்தடியில் நிற்க வைத்தேன். அதிர்ஷ்டம்... நீளமான கூட்ஸ்.

"கத்து சந்திரா."

"ச்சீ, என்னக்கா இது. யாராச்சும் பாத்தா?"

"பாக்கத்தான் முடியும். கேக்காது. ம்... கத்து!"

முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பாதி ரயில் போய்விட்டது. பிறகு என்ன நினைத்தாளோ, சின்னதாக ஏதோ சொன்னாள். அப்புறம் கொஞ்சம் பெரிதாக. அப்புறம் கழுத்து நரம்பு புடைக்க, கையை நீட்டி நீட்டி... யாரைத் திட்டினாள் என்று நான் கேட்கவில்லை. கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவளிடம் கேட்க வேண்டிய கேள்வியா அது?

கடைசிப் பெட்டி போனதும் வாயை மூடினாள். அரசி மாதிரி ஏமாறவில்லை, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேதான் கத்தினாள். அனுபவம்!

முகத்தைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு, "மந்திரிக்க வேணாங்க்கா," என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சோடு வந்தவர்களைச் சந்திரா வாசலிலேயே நிறுத்தி, "புள்ள படிக்குது, அப்பறம் வாங்க" என்று அனுப்பிவிட்டாள். எனக்கும் அதேதான்! சாயங்காலம் அம்மாவும் மகளும் சேர்ந்தே கேட்டுக்குப் போய் வந்தார்கள். தெரு என்னென்னவோ பேசியது. பேசட்டுமே.

பிள்ளைகளுக்குப் பயம் வரும். வராமல் இருக்க அவர்கள் என்ன கல்லா? அதை இறக்கி வைக்க அவர்களாக ஒரு இடம் தேடிக்கொள்கிறார்கள். ஒருத்திக்குக் கூட்ஸ் வண்டி. இன்னொருத்தனுக்குப் பந்து. வேறொருத்திக்கு மொட்டை மாடி. நம் வேலை அந்த இடம் ஆபத்தில்லாததா என்று பார்ப்பது மட்டும்தான். போய் அங்கேயும் நாற்காலி போட்டு உட்கார்ந்து புத்தி சொல்வது இல்லை. இதையும் புத்திமதியாகத்தான் எழுதியிருக்கிறேன், தெரிகிறது!

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அரசி தனியாகப் போனாள். அப்படித்தான் நினைத்தாள். கொஞ்ச தூரம் விட்டு ராமலிங்கம் பின்னாலேயே போயிருக்கிறார். ஆபீஸுக்கு லீவு. சுவருக்கு வெளியே வெயிலிலேயே நின்றிருக்கிறார், யாராவது பாதியில் எழுந்து அடிபம்புக்கு வருகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு.

யாரும் வரவில்லை.

மத்தியானம் அப்பாவும் பெண்ணும் சேர்ந்து வீடு திரும்பினார்கள். "கடைசி பெல் வரைக்கும் உக்காந்து எழுதிட்டேம்மா," என்று சொல்லிவிட்டு, தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அரசி காலை நீட்டிப் படுத்துத் தூங்கிப் போனாள்.

பெல் அடித்ததும் பள்ளிக்கூடத்துக்குள் ஓடி, அன்றைக்கு அடிபம்பில் வாந்தி எடுத்தது ராமலிங்கம்தான்!