பிரபா ஆன்ட்டியின் பகல் மாவு

துபாயில் இட்லி மாவு புளிக்காது என்று சொன்னால் ஊரில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவ்வளவு வெயில் அடிக்கும் இடத்தில் மாவு எப்படிப் புளிக்காமல் போகும் என்று கேட்பார்கள். வெயில் வெளியேதான் இருக்கிறது. நாங்கள் வாழ்வது ஏசிக்குள்ளே. கராமா பகுதியில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருக்கும் பிரபா ஆன்ட்டிக்கு இது தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அவருடைய முழுப் பெயர் பிரபாவதி. சொந்த ஊர் மதுரைப் பக்கம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்தவர். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அந்தப் படிப்பை அவர் தொடவே இல்லை. மாவு அரைக்க ஆரம்பித்தார். முதலில் தன் வீட்டுக்கு மட்டும்தான் அரைத்தார். பிறகு எங்கள் வீட்டுக்கும் கொடுத்தார். இப்போது இந்தக் கட்டடத்தில் தமிழ் பேசும் எல்லாக் குடும்பத்துக்கும் அவர்தான் மாவு. சாயங்காலம் அவர் வீட்டுக் கதவுப் பிடியில் காலி டப்பாக்கள் பைகளில் தொங்கும். காலையில் அவை நிரம்பி அதே இடத்தில் தொங்கும். சிலர் காசு கொடுப்பார்கள். என் உம்மா சப்ரீனா கீழக்கரையிலிருந்து வரும் தொதல் என்ற இனிப்பைக் கொடுப்பார்.

இந்த வருடம் கோடையில் அவர் வீட்டு ஏசி கோளாறு செய்தது. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் ஒரே இயந்திரம்தான். அது கூரைக்குள் ஒளிந்திருக்கும். அதை அடக்கி ஆள்வது ஹால் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட். பிரபா ஆன்ட்டி வீட்டில் இருந்தது பழையது. மஞ்சளித்துப்போன பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு திருகு, உள்ளே சில ஒயர்கள், அவ்வளவுதான். திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் குளிர் நிற்கவில்லை. இரவும் பகலும் வீடு உறைந்து கிடந்தது. மெயின்டனன்ஸ் ஆள் வந்து ஸ்குரூடிரைவரால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "கல்லாஸ் மேடம், ஓகே" என்று வேலை முடிந்ததாகச் சொல்லிப் போனார். அவர் லிஃப்டில் ஏறுவதற்குள் மறுபடி குளிர்ந்தது.

இதில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர் கணவர் சீதாராமன் அங்கிள். அவருக்கு அபுதாபியில் வேலை. விடியும் முன்னே கார் எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டும். அதனால் இரவுத் தூக்கம் அவருக்கு உயிர். அந்தத் தூக்கத்துக்கு இருபது டிகிரி வேண்டும், மேலே தடித்த போர்வையும் வேண்டும்.

"இப்பதான் இந்த ஏசி ஒழுங்கா வேலை செய்யுது. அதப் போய் கோளாறுங்கறியே" என்பார்.

"உங்களுக்கு ஒழுங்கு. என் மாவு செத்துக் கெடக்கு" என்பார் ஆன்ட்டி.

உண்மையிலேயே மாவு செத்துத்தான் கிடந்தது. ராத்திரி அரைத்து வைத்தது காலையில் அதே அளவில், அதே கோலத்தில் இருந்தது. இட்லி வட்டமான கல்லாக வந்தது. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்துப் பார்த்தார். அதில் சின்னப் பாத்திரம்தான் நுழைந்தது. பால்கனியில் வைத்தால், அங்கே எதையும் வைக்கக் கூடாது என்று வாட்ச்மேன் கீழேயிருந்து கத்தினார். எங்கள் வீட்டிலும் அதே குளிர்தான். கதவுப் பிடியில் தொங்கும் பைகள் மெல்லக் குறைந்தன. யாரும் குறை சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் ஆன்ட்டிக்கு அதிகம் வலித்தது.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாம் மாடி தியாகு வந்து நின்றார். தியாகு நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் திருநெல்வேலிக்காரர். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் பக்கத்து ரெஸ்டாரன்ட்டின் மாடி ஹாலில் காலைச் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தார். மாவு பிரபா ஆன்ட்டி பொறுப்பு. கோடைக்கு முன்னாலேயே அவர் ஒத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீய. கடையில பாக்கெட் மாவு நெறையக் கெடக்கு. இந்தத் தடவ அத வாங்கிக்கிடுவோமா?"

"தியாகு, என் பேரச் சொல்லிட்டு பாக்கெட் மாவ ஊத்துன, இட்லிப் பானைக்குள்ள உன்னையத் தூக்கி உக்கார வச்சிருவேன்."

"சரிக்கா, சரிக்கா. மாவு பொங்குனாச் சரி."

அவர் போனதும் ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தார். "சப்ரீனா, இத்தன வருஷமா இந்த பில்டிங்ல எனக்குன்னு இருக்குற ஒரே பேரு இந்த மாவுதான். அதுவும் போயிருச்சுன்னா நான் இங்க வெறும் ரெண்டாம் மாடி மேடம்."

உம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ கரண்டு படிச்சவதானே? சுவத்துல இருக்கிற அந்தப் பெட்டிய நீயே மாத்து" என்றார்.

அடுத்த நாள் ஆன்ட்டி மெட்ரோ பிடித்து தேரா கடைத்தெருவுக்குப் போய் ஒரு புதிய தெர்மோஸ்டாட் வாங்கி வந்தார். சின்னத் திரை வைத்தது. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும், ஒவ்வொரு நேரத்துக்கும் எவ்வளவு குளிர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். வாட்ச்மேனிடம் கேட்டபோது, வீட்டைக் காலி பண்ணும்போது பழையதை மாட்டிவிட்டுப் போனால் சரி என்றார்.

மாற்றும் அன்று சீதாராமன் அங்கிள் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"டிப்ளமா முடிச்சு எத்தன வருஷமாச்சு! ஒயர்ல கை வைக்காத பிரபா. ஆள் கூப்பிடலாம்."

"நான்தான் மாறியிருக்கேன். கரண்டு மாறல. தள்ளி நில்லுங்க."

முதலில் பிரேக்கர் பெட்டியைத் திறந்து ஏசி என்று எழுதியிருந்த சுவிட்சை இறக்கினார். தெர்மோஸ்டாட்டின் மூடியைத் திறந்து ஒயரில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். விளக்கு எரிந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் அணைந்திருந்தது. எப்போதோ எவரோ பெயர்களை மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்ததில், வாட்டர் ஹீட்டர் என்று எழுதியதுதான் ஏசி. டெஸ்டர் விளக்கு எரியவில்லை என்று உறுதியான பிறகுதான் பழைய பெட்டியைக் கழற்றினார். எந்த ஒயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று போனில் படம் எடுத்தார். ஒவ்வொரு ஒயரிலும் காகிதத் துண்டை ஒட்டி எழுதினார். பிறகு ஒவ்வொன்றாகப் புதியதில் முறுக்கினார். சுவருக்குள்ளிருந்து சூடான காற்று வந்துகொண்டிருந்த ஓட்டையைப் பஞ்சு வைத்து அடைத்தார்.

"இந்தச் சூட்டுக் காத்துதான் பழச ஏமாத்தியிருக்கு. வீடே கொதிக்குதுன்னு நெனச்சு அது நிறுத்தாமக் குளிர வச்சிருக்கு."

சுவிட்சைப் போட்டார். திரை ஒளிர்ந்தது. குளிர்க் குறி கண் சிமிட்டியது. ஆனால் ஏசி ஓடவில்லை.

"போச்சு! சொன்னேன்ல?" என்றார் அங்கிள்.

"பொறுங்க. கம்ப்ரசரக் காப்பாத்த கொஞ்ச நேரம் நின்னுதான் ஓடும்."

அங்கிள் வாட்ச்மேனைக் கூப்பிட போனை எடுத்தபோது கூரைக்குள் ஒரு உறுமல் கேட்டது. சில்லென்று காற்று வந்தது. ஆன்ட்டி டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு அவரைப் பார்த்த பார்வையை அவருடைய மகள் ஹர்ஷினி போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

குளிரை அடக்கியாகிவிட்டது, இனி மாவு பொங்கும் என்று ஆன்ட்டி நினைத்தார். அன்று இரவுக்கு இருபத்தெட்டு என்று வைத்தார். மாவு கொஞ்சம் அசைந்தது. ஆனால் அங்கிள் காலையில் சிவந்த கண்களோடு எழுந்து வந்தார்.

"மாவு புளிக்கணும்னு புருஷனையும் சேத்துப் புளிக்க வைக்கிறியா? இந்தக் கண்ணோட நான் எப்படி அபுதாபி வரைக்கும் ஓட்டுறது?"

அது வெறும் பேச்சில்லை என்று ஆன்ட்டிக்குத் தெரியும். இரவை மறுபடி இருபதுக்குக் கொண்டுவந்தார். இரவு அங்கிளுக்கு என்றால் மாவுக்கு எது? வழக்கம்போல ராத்திரி அரைத்த மாவு காலையில் வழக்கம்போலத் தூங்கியது. கொட்டிவிடலாம் என்று மூடி மேடையில் வைத்தார். அங்கிளும் அவருக்குப் பிறகு ஹர்ஷினியும் கிளம்பினார்கள். கொஞ்ச நேரத்தில் வீடு புழுங்க ஆரம்பித்தது.

திரையில் இருபத்தொன்பது என்று இருந்தது. அவர் அப்படி வைக்கவில்லை. கூட வந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினார். இரவு நேரத்தைத்தான் அவர் மாற்றியிருந்தார். பகல் நேரம் கம்பெனி வைத்த கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. காலையில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் ஆள் இல்லை, ஆகவே குளிர் வேண்டாம் என்பது அந்தக் கணக்கு.

புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பாரு சப்ரீனா! வீட்ல ஆள் இல்லாத நேரமாம். அப்ப நான் யாரு? ஃபர்னிச்சரா?"

உம்மா சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த பட்டாணி உருண்டது. ஆன்ட்டிக்கு முதலில் கோபம்தான். பிறகு அவரும் சிரித்தார். அப்படியே பேச்சு வளர்ந்து மத்தியானம் ஆகிவிட்டது.

திரும்பிப் போய்க் கதவைத் திறந்தவர் அங்கிருந்தே கத்தினார். "சப்ரீனா! ஓடி வா!"

கொட்டுவதற்காக வைத்திருந்த மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. சமையலறை முழுக்கப் புளிப்பு வாசம். ஆன்ட்டி கரண்டியை விட்டுத் தூக்கினார். நுரை நுரையாக எழுந்து மெல்ல இறங்கியது.

அன்றிலிருந்து வேலை தலைகீழானது. ராத்திரி அரைத்துக் காலையில் எடுப்பதுதான் எல்லோர் வீட்டிலும் வழக்கம். ஆன்ட்டி ராத்திரி அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்தார். அங்கிள் கிளம்பும் நேரத்தில் கிரைண்டரைப் போட்டார். சனி, ஞாயிறு அங்கிள் வீட்டில் இருப்பார், அன்று கிரைண்டருக்கும் லீவு. பகல் முழுக்க மாவு வீட்டில், ஆன்ட்டி எங்கள் வீட்டில். சாயங்காலம் பொங்கிய மாவு ஃபிரிட்ஜுக்குள் போகும், வீடு குளிர்ந்துவிடும், அங்கிள் போர்வையோடு படுப்பார். கதவுப் பிடியில் பைகள் திரும்பி வந்தன. 'பகல் மாவு' என்று அதற்குப் பெயர் வைத்தது தியாகுதான்.

தீபாவளிச் சாப்பாட்டுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஆன்ட்டி விடியும் முன்னே அரைக்கத் தொடங்கினார். எங்கள் வீட்டுப் பெரிய பாத்திரங்களும் அங்கே போயின. மத்தியானம் அவர் எங்கள் சமையலறையில் உம்மாவோடு சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். லிஃப்ட் கதவு திறந்தது. எதிர் ஃபிளாட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

ஆன்ட்டியின் கை நின்றது. "ஐயோ, வெள்ளிக்கிழம! அவருக்கு அரை நாள்! மத்த வாரமெல்லாம் சாயங்காலம்தானே வருவாரு!"

அங்கிள் வீட்டுக்கு வந்தால் முதலில் செய்வது குளிரைக் கூட்டுவது. மாவு அப்போதுதான் எழ ஆரம்பித்திருந்தது. இந்த நேரத்தில் வீடு இருபதுக்குப் போனால் அவ்வளவும் அடங்கிவிடும். மறுபடி ஊறவைத்து அரைக்க நேரமில்லை. அவர் கை கழுவிக்கொண்டு ஓடுவதற்குள் எதிர்க் கதவு மறுபடி சாத்தும் சத்தம் கேட்டது. லிஃப்ட் கீழே போனது.

உள்ளே போய்ப் பார்த்தால், அங்கிளின் சாப்பாட்டுப் பை மேஜையில் இருந்தது. வியர்த்த சட்டை நாற்காலியில் தொங்கியது. திரையில் இருபத்தொன்பது அப்படியே இருந்தது. பாத்திரங்களின் மேல் போட்ட துண்டு கொஞ்சம் விலகியிருந்தது. யாரோ உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

ஆன்ட்டி போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரோ?" என்று உம்மாவிடம் கேட்டார்.

மாவு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த தியாகுதான் தகவல் கொண்டுவந்தார்.

"அண்ணாச்சி கீழ சலூன்லலா இருக்காவ. கட்டிங்கு, சேவிங்கு, தல மசாஜு எல்லாம் முடிஞ்சிட்டு. இப்ப மூஞ்சியில என்னமோ பூசிட்டு அந்த ஏசில கொறட்ட விட்டுத் தூங்குதாவ. எழுப்பக் கூடாதுன்னு பார்பர்ட்ட சொல்லியிருக்காவளாம்."

ஆன்ட்டி துண்டைச் சரியாக இழுத்து மூடினார்.

அங்கிள் சாயங்காலம்தான் வந்தார். தலையில் முடி ஏறக்குறைய இல்லை. முகம் பளபளத்தது.

"போன வாரம்தானேங்க முடி வெட்டுனீங்க?"

"தீபாவளிக்குன்னு ஒண்ணு வேணாமா? அத விடு. மாவு என்னாச்சு?"

"போயிப் பாருங்க."

எல்லாப் பாத்திரத்திலும் மாவு விளிம்பைத் தொட்டு நின்றது. அங்கிள் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, "அப்ப இப்பச் சூட்டக் குறைக்கலாமா?" என்று கேட்டார். கை ஏற்கனவே பட்டனுக்குப் போயிருந்தது.

மறுநாள் ஹாலில் இட்லி வேக வேகத் தீர்ந்தது. "அக்கா, பாக்கெட் மாவுன்னு சொன்ன வாய்க்கு இன்னும் ரெண்டு போடுங்க" என்று தியாகு தட்டை நீட்டினார். அங்கிளின் தலையைப் பார்த்தவர்களெல்லாம் திருப்பதிக்குப் போய் வந்தீர்களா என்று விசாரித்தார்கள். அவர் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஆன்ட்டி ஹாலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து பட்டன்களை அழுத்தினார். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் தனிக் கணக்கு வைத்தார்: மத்தியானத்திலிருந்து இருபது. பிறகு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டார். இனி வெள்ளிக்கிழமை மாவு கிடையாது, வியாழக்கிழமையே வாங்கிக்கொள்ளுங்கள். காரணம் கேட்டவர்களுக்கு, "அன்னிக்கு வீட்ல ஆள் இருக்கும்" என்று மட்டும் பதில் போட்டார்.