ரெங்காஸ் மரத்தைப் பிளந்த நாள்

மலாய் நாட்டில், கூலாய் ஊரிலிருந்து நாலைந்து கல் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். ரப்பர் விலை விழுந்து, பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்ட வருடங்கள் அவை. எங்களை அனுப்பவில்லை. பால் வெட்டும் வேலை குறைந்துபோனதால் என்னையும் என் கணவரையும் விறகு வேலைக்கு மாற்றினார்கள். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கும் கொட்டகைக்குத் தினமும் விறகு வேண்டும். அவர் அறுப்பார், நான் பிளந்து அடுக்குவேன்.

கோடாலி வேலை எனக்குப் பிடித்திருந்தது. பால் வெட்டும்போது மரத்துக்குக் காயம் பட்டுவிடுமோ என்று பயந்து பயந்து கத்தியை வைக்க வேண்டும். இங்கே ஓங்கிப் போடலாம்.

மரம் பார்க்கத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தவை இரண்டே. பால்மரம், அதாவது ரப்பர் மரம், உள்ளே வெளுத்திருக்கும். ஒரே போட்டில் விரியும், சீக்கிரம் எரிந்து தீரும். கெம்பாஸ் காட்டுமரம், உள்ளே சிவந்திருக்கும், கோடாலியை எதிர்த்துத் தள்ளும், ஆனால் ஒரு கட்டை வைத்தால் அரைநாள் கனன்றுகொண்டிருக்கும். வெள்ளை என்றால் பால்மரம், சிவப்பு என்றால் கெம்பாஸ். என் படிப்பு அவ்வளவுதான்.

ஒருநாள் ஆற்றோரத்தைச் சுத்தம் செய்தவர்கள் சாய்த்துப் போட்ட மரம் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அறுத்த முகத்தில் சிவப்பு அவ்வளவு அழகாக இருந்தது.

"கெம்பாஸ்தான இது?" என்றார் அவர்.

"கெம்பாஸ்தான். இப்படி உருட்டி விடுங்க."

பொழுது சாயும்வரை பிளந்தேன். செதில்கள் முகத்திலும் கழுத்திலும் தெறித்தன. விரல்களில் மை பூசியதுபோல் கறுப்பு ஒட்டியிருந்தது. கோடாலிக் கறை என்று நினைத்து அந்தக் கையாலேயே வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். பிளந்ததில் பாதியைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். மீதியை நல்ல விறகாயிற்றே என்று எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் எங்களுக்காக அடுக்கிவைத்தோம்.

அன்று இரவே அரிப்பு, காய்ச்சல். விடிந்து எழுந்தபோது கண் திறக்கவில்லை. முகம் பூசணிக்காய்போல் வீங்கி, கையெல்லாம் நீர்க்கொப்புளம். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தா வந்துட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அம்மைக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசரிடமும் சொல்லவில்லை. யாரும் உள்ளே வரவில்லை. ஆனாலும் மூன்று வேளையும் கதவோரம் கஞ்சி வந்துகொண்டிருந்தது. பயத்திலும் அவர்கள் அதை மறக்கவில்லை. இப்போதும் நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

மூன்றாம் நாள் காலை வெளியே ஒரு குரல் கேட்டது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, வாரம் ஒருமுறை மரவள்ளிக் கீரை கொண்டுவரும் ஜாவாக்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். ஒருவரையொருவர் 'காக்கா' என்று கூப்பிட்டுக்கொள்வோம். மலாயில் அக்கா என்று அர்த்தம். "ரெண்டு காக்காவும் சேர்ந்தா கூரை தாங்காது" என்று என் கணவர் கேலி செய்வார். வெளியே பெண்கள் அவளைத் தடுப்பது கேட்டது. அவள் கேட்காமல் உள்ளே வந்துவிட்டாள். என் கையைப் பிடித்து இழுத்து வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் பேசியது மலாய். எனக்கு அது பாதி புரியும்.

"காக்கா, இந்தக் கறுப்பு எப்படி வந்தது?"

"விறகு பிளந்தேன். கழுவினாலும் போகல."

"மரம் உள்ளே சிவப்பா?"

"ஆமா."

"ரெங்காஸ்" என்றாள். "அதன் பால் விஷம். இது அம்மை இல்லை. மீதி விறகு எங்கே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக என் கணவர் பின்னால் அந்த விறகை வைத்துத்தான் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஓடினாள். "ஜாங்கான் பக்கார்!" எரிக்காதே என்று அவள் கத்தியது லயம் முழுக்கக் கேட்டது. சருகில் தீ பிடித்திருந்தது. கட்டையில் இன்னும் ஏறவில்லை. பானைத் தண்ணீரை அப்படியே அடுப்பில் கவிழ்த்துவிட்டாள்.

என் கணவர் திகைத்து நின்றார். அந்த மரத்தின் புகை பட்டாலே முகம் வெந்துபோகும், மூச்சு அடைக்கும் என்று அவள் விளக்கினாள். அவர் கொட்டகைக்கு ஓடினார். நல்லவேளை, அங்கே பழைய விறகையே எரித்துக்கொண்டிருந்தார்கள்; எங்கள் அடுக்கைத் தொடவில்லை. அதே மரத்தைத் தோளில் சுமந்த அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் வேடிக்கை. அது சிலர் உடம்பை விட்டுவிடுமாம். அவர் அத்தனை கட்டையையும் குழி வெட்டிப் புதைத்தார்.

பிறகு டிரெசர் வந்து மருந்து பூசினார். அவள் தினமும் ஆற்றைத் தாண்டி வந்து, ஊறவைத்த அரிசியை அரைத்துக் கொப்புளங்களின்மேல் குளிரக் குளிரத் தடவினாள். இரண்டு வாரத்தில் தோல் உரிந்து முகம் பழையபடி ஆனது. வேப்பிலையை அவிழ்த்த பக்கத்து வீட்டு அக்கா, அன்றைக்கு அவளை உள்ளே அழைத்துச் சோறு போட்டார்.

நான் வேலைக்குத் திரும்பியதும் அவளும் பல நாள் எங்களோடு காட்டோரம் வந்தாள். தெரியாத மரத்தைக் கத்தியால் லேசாகக் கீறிவிட்டுத் தள்ளி நிற்பாள். ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம். வடிந்த பால் கறுத்தால் அந்தப் பக்கமே போக மாட்டோம். அறுத்துக் கிடக்கும் கட்டை என்றால் முகப்பில் கறுப்பு வழிந்திருக்கிறதா என்று பார்ப்போம். ஒருநாள் அவள் ஒரு மரத்தைக் காட்டி, "லெபான், நல்ல விறகு" என்றாள். கைவிரல்போல் விரிந்த இலையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. "இது எங்க நொச்சிக்குச் சொந்தக்காரன்" என்றேன். தலைபாரத்துக்கு நொச்சியில் ஆவி பிடிப்போம் என்று சைகையில் காட்டினேன். அவள் லெபான் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து, மூக்கைச் சுருக்கினாள்.

அன்று அடுக்கி முடித்து உட்கார்ந்திருந்தபோது, வெகுநாளாய் மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"காக்கா, அது நிஜமாவே அம்மையா இருந்திருந்தா?"

"வாசலிலிருந்து பார்த்தபோது அம்மை மாதிரிதான் தெரிந்தது" என்றாள். "கையைப் பிடித்த பிறகுதானே கறுப்பைப் பார்த்தேன்."

"பின்னே எதுக்கு உள்ளே வந்தே?"

"நீ கூப்பிட்டாயே."

நான் கூப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. காய்ச்சலில் வாய்விட்டு முனகியிருப்பேன் போலிருக்கிறது. மறுவருடம் அவள் கணவனோடு பத்து பகாட் என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டாள். அதன் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. இந்தக் கண்ணால் நான் என் பிள்ளைகளைப் பார்த்தேன், பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளை நினைக்காமல் ஒரு தீபாவளியும் எனக்குக் கழிந்ததில்லை.